ஆவியாகாத உப்பு

(ராணிப்பேட்டையில் ஒரு டீக்கடை. அக்னி நட்சத்திரம். கடைக்குள் அதைவிடச் சூடாக ஓர் அண்டா கொதிக்கிறது.)

பெரியவர்: மாஸ்டர், சர்க்கரை டப்பாவும் உப்பு டப்பாவும் இடம் மாறிவிட்டதா?

மாஸ்டர்: போர் தண்ணீர் ஐயா. உப்பு ஆவியாகிப் போகட்டும் என்று நாலு மணியிலிருந்து கொதிக்கவைக்கிறேன்.

பெரியவர்: ஆவியாகிப் போவது தண்ணீர். உப்பு அண்டாவிலேயே உட்கார்ந்திருக்கும். தண்ணீர் பாதியானால் கரிப்பு இரண்டு மடங்கு.

மாஸ்டர்: அதுதானா! ஆறு மணிக்குக் குடித்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஒன்பது மணிக்குக் குடித்தவர்கள் காசே தரவில்லை.

பெரியவர்: முப்பது வருடம் தோல் பதனிடும் டேனரியில் இருந்தவன் நான். பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பைக் குவித்துத் தடவுவோம். பிறகு தொட்டியில் ஊறப்போட்டால் அது கரைந்து தண்ணீரோடு போய்விடும். நூறு மில்லி தண்ணீர் 36 கிராம் உப்பை அசராமல் விழுங்கும். அந்தத் தண்ணீர்தான் பாலாற்றங்கரையில் நிலத்துக்குள் இறங்கியது. இந்த டீயில் என் கைவண்ணமும் இருக்கிறது.

மாஸ்டர்: அப்படியானால் ஒன்பது மணிக்காரர்களின் பாக்கியை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

(பெரியவர் சட்டென்று டீயைப் புகழ்கிறார்.)

மாஸ்டர்: இன்னொரு பயம் ஐயா. உப்பில் சோடியம் இருக்கிறது, சோடியம் தண்ணீரில் வெடிக்கும் என்கிறான் என் மகன். பள்ளியில் அதை மண்ணெண்ணெய்க்குள் வைத்திருக்கிறார்களாம். நேற்றிலிருந்து சாம்பாருக்கு உப்பை எட்ட நின்றுதான் வீசுகிறேன்.

பெரியவர்: பள்ளியில் இருப்பது சோடிய உலோகம். கத்தியால் நறுக்கலாம். தண்ணீரில் போட்டால் உருகி, உருண்டையாகி, சீறிக்கொண்டே மேலே ஓடும். ஹைட்ரஜன் கிளம்பித் தீப்பிடிக்கும். எல்லாம் ஓர் எலெக்ட்ரானை உதறுவதற்கான ஆர்ப்பாட்டம். உப்பிலிருக்கும் சோடியம் அதை எப்போதோ உதறிவிட்டது. வெடித்த சரம் மறுபடி வெடிக்குமா?

மாஸ்டர்: சாக்கடை அடைப்புக்கு வாங்கிய காஸ்டிக் சோடாவும் சோடியம்தானே? பிளாஸ்டிக் மக்கில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். மக்கு தொய்ந்து, வாய் கோணிவிட்டது.

பெரியவர்: உன் வாய் தப்பியதே பெரிது! கரையும்போதே கொதிக்கிற சரக்கு அது. தண்ணீரில்தான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். பஜ்ஜிக்குப் போடும் சோடா உப்பும் சோடியம்தான், ஆனால் அது கரைந்தால் தண்ணீர் சற்றுக் குளிரும்.

மாஸ்டர்: சரி, இந்த அண்டாவை என்ன செய்ய?

பெரியவர்: சாயங்காலம் வரை விடு. அடியில் உப்பாகவே படியும். மரக்காணத்து உப்பளங்களுக்குப் போட்டியாக வியாபாரம் செய்யலாம்.

மாஸ்டர்: (கேஸ் சிலிண்டரைப் பார்த்து, பிறகு அண்டாவைப் பார்த்து) கிலோ என்ன விலை போகும் ஐயா?