இரண்டையும் மூன்றாவது வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்

தரவுகளைப் பெயரிட்ட குறிகளுக்குள் எழுதி வைக்கும் எக்ஸ்எம்எல் (XML) கோப்புகள் இரண்டை வரிக்கு வரி வைத்துப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டக் கணக்குகளைப் பார்க்கும் எனக்கு, ஒரே லோரியில் சென்ற குலைகளின் எடை இரண்டு வடிவங்களில் வந்து சேர்கிறது. ஆலையின் கோப்பில் ரசீது எண் பண்புக்கூறாகவும் (குறிக்குள்ளேயே எழுதப்படும் மதிப்பு) எடை டன்னிலும் இருக்கும். தோட்டக் கிராணியின் கோப்பில் அதே எண் தனி உறுப்பாக (தனக்கெனத் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் உள்ள பகுதி), நாள்வாரியான தொகுப்புக்குள், கிலோ கணக்கில் இருக்கும். வரிகளை ஒப்பிட்டால் எல்லாமே வேறுபாடாகத் தெரியும். உண்மையிலேயே விடுபட்ட ஒரு ரசீது அந்தக் கூட்டத்தில் மறைந்துவிடும்.

எக்ஸ்எம்எல் கோப்புகளை வேறு வடிவத்துக்கு மாற்றுவதற்காக, இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையாக 1999இல் வெளிவந்த எக்ஸ்எஸ்எல்டி (XSLT) மொழி இதற்கு நன்றாக உதவுகிறது. கோப்புக்கு ஒன்றாக இரண்டு மாற்றுநிரல்களை எழுதி, தொகுப்புகளைப் பிரித்து, எடையைக் கிலோவாக்கி, மிகை வெற்றிடங்களை நீக்கி, ரசீது எண்படி வரிசைப்படுத்திய ஒரே எளிய வடிவத்துக்கு இரண்டையும் கொண்டு வந்த பிறகு, சாதாரண ஒப்பீட்டுக் கருவியே போதும். பண்புக்கூறுகளின் வரிசைக்கு எக்ஸ்எம்எல்லில் பொருள் இல்லை. உறுப்புகளின் வரிசைக்குப் பொருள் இருக்கலாம் என்பதால், எதை வரிசைப்படுத்தலாம் என்பதைத் தரவை அறிந்தவரே முடிவு செய்ய வேண்டும்.

மாற்றுநிரல் கைவிட்ட தகவலை எந்த ஒப்பீடும் காட்டாது என்பதே இம்முறையின் பெரிய ஆபத்து. ஆகவே, அடையாளம் தெரியாத உறுப்புகள் அனைத்தையும் 'மீதி' என்ற தனி உறுப்பில் அப்படியே நகலெடுத்து வைக்கிறேன்.