விழுமியங்களுக்குத் தரவரிசை போடுவது ஒப்பீடு ஆகாது

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் நடக்கும் லிங்கன்–டக்ளஸ் விவாதப் போட்டிகளுக்கு நடுவராகப் போய்வரும் பெற்றோரில் நானும் ஒருவன். ஒருவரை எதிர்த்து ஒருவர் பேசும் இந்தப் போட்டியில், ஒட்டிப் பேசுபவரும் வெட்டிப் பேசுபவரும் தாம் முன்னிறுத்தும் விழுமியம் எது, அது நிறைவேறுகிறதா என்று அளக்கும் அளவுகோல் எது என்பதை முதல் உரையிலேயே சொல்லிவிடுவது மரபு. விழுமியத்தைத் தேர்ந்தெடுக்கக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட மாணவர்கள் அதை எதிராளியின் விழுமியத்தோடு ஒப்பிட்டுக் காட்டுவதில் செலுத்துவதில்லை என்பதே என் குறை.

‘மக்களாட்சியில் சட்டமறுப்பு அறத்தின்படி நியாயமானதே’ என்பது புதிய மாணவர்களுக்கு வழக்கமாகத் தரப்படும் தலைப்பு. ஒட்டிப் பேசுபவர் நீதி என்பார். வெட்டிப் பேசுபவர் சமூக ஒழுங்கு என்பார். ஒழுங்கு இல்லாவிட்டால் நீதிக்கே இடமில்லை, ஆகவே ஒழுங்குதான் பெரிது என்ற வாதம் உடனே வந்துவிடும். அடுப்பு இல்லாமல் சோறு வேகாது என்பது உண்மைதான். அதற்காக அடுப்புக்காகத்தான் சமைக்கிறோம் என்று யாரும் சொல்வதில்லை. சட்டமறுப்பால் ஒழுங்கு எவ்வளவு குலைகிறது என்பதல்லவா இங்கே கேட்கவேண்டிய கேள்வி? அநீதியான சட்டத்தை மீறுபவர் அதை வெளிப்படையாக மீறி, தண்டனையையும் மனமுவந்து ஏற்கவேண்டும் என்று 1963-இல் அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரச் சிறையிலிருந்து கறுப்பின உரிமைப் போராளி மார்ட்டின் லூதர் கிங் எழுதினார். அந்த நிபந்தனையை எடுத்துக்காட்டினாலே இரு விழுமியங்களுக்கும் இடையிலான மோதல் பெருமளவு குறைந்துவிடும்.

இருவருமே நீதி என்று சொல்லிவிடும் சுற்றுகளும் உண்டு. ஒருவர் ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட்டைப் பின்பற்றி மனிதரை வெறும் கருவியாக நடத்தக் கூடாது என்பதை அளவுகோலாக்குவார். மற்றவர் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்லின் வழியில் விளைவுகளின் மொத்த நன்மையை அளவுகோலாக்குவார். உண்மையான விவாதம் அங்கேதான் இருக்கிறது.

இந்தப் போட்டிக்குப் பெயர் தந்த இருவரிடமே இதற்கு நல்ல பாடம் உண்டு. புதிய பிரதேசங்களில் அடிமைமுறை வேண்டுமா வேண்டாமா என்பதை அங்குள்ள மக்களே முடிவுசெய்யட்டும் என்று தன்னாட்சியை முன்னிறுத்தினார் ஆபிரகாம் லிங்கனின் அரசியல் எதிராளி ஸ்டீபன் டக்ளஸ். 1858-இல் இல்லினாய் மாநிலத்தில் செனட் பதவிக்காக இருவரும் மோதிய ஏழு விவாதங்களுக்கும் முன்பே, 1854-இல் பியோரியாவில் பேசிய லிங்கன், தன்னாட்சி சிறிது, சமத்துவம் பெரிது என்று தரவரிசை போடவில்லை. தன்னாட்சியைத் தாமும் ஏற்று, ஒருவன் தன்னைத்தானே ஆள்வது தன்னாட்சி, அதோடு இன்னொருவனையும் சேர்த்து ஆள்வது கொடுங்கோன்மை என்று வாதிட்டார். கறுப்பினத்தவரும் மனிதர் என்று ஒப்புக்கொண்ட கணமே டக்ளஸின் விழுமியம் டக்ளஸுக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. (1858-இல் செனட் பதவி என்னவோ டக்ளஸுக்குத்தான் கிடைத்தது.)

விதிகளும் மாணவர்களுக்கு உதவுவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெட்டிப் பேசுபவரின் 7 நிமிட உரைக்கு ஒட்டிப் பேசுபவர் 4 நிமிடத்தில் மறுமொழி சொல்லியாக வேண்டும். மூச்சுவிடாமல் வேகமாகப் பேசியும் நேரம் போதாமல் முதலில் கைவிடப்படுவது இந்த ஒப்பீடுதான். தம் மூன்று வாதங்களில் ஒன்றை விட்டுக்கொடுத்து, எதிராளியின் விழுமியத்தை ஏற்றுக்கொண்டாலும் வெற்றி தமக்கே என்று அந்த நேரத்தில் காட்டுபவருக்கே, மற்றவை சமமாக இருக்கும் சுற்றில், என் வாக்கு.