இருபது நிமிட ஆட்டம்

அக்கா: உன் பெயருக்கு ஒரு பெட்டி வந்திருக்கிறது. மறுபடி என்னடா வாங்கினாய்?

தம்பி: நான் ஒன்றும் வாங்கவில்லையே... அய்யோ அக்கா, வந்துவிட்டது! புதுப் பொருள் செய்யப் பலரிடம் முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் பணம் போட்டேனே, அந்தச் சீட்டு விளையாட்டு!

அக்கா: எப்போது போட்டாய்?

தம்பி: இரண்டு வருஷம் இருக்கும். அப்போது எனக்குத் தாடி கிடையாது.

அக்கா: கடையிலேயே இல்லாத பொருளுக்குப் பணம் கொடுத்தாயா?

தம்பி: கடையில் என்ன, உலகத்திலேயே இல்லை. நாம் போடும் பணத்தில்தான் அதை அச்சடிப்பார்கள். கேட்ட தொகை சேராவிட்டால் நம் கார்டிலிருந்து ஒரு காசு எடுக்க மாட்டார்கள். 2015இல் எக்ஸ்ப்ளோடிங் கிட்டன்ஸ் என்ற சீட்டு விளையாட்டுக்கு அவர்கள் கேட்டது 10,000 டாலர், வந்து விழுந்தது 87 லட்சம் டாலருக்கு மேல். மொத்தம் 2,19,382 பேர் போட்டார்கள், தெரியுமா?

அக்கா: உன்னைப் போல இத்தனை பேரா? சரி, கொண்டா, கலைத்துப் போடுகிறேன்.

தம்பி: தொடாதே! அழுக்காகாமல் இருக்க ஒவ்வொரு சீட்டுக்கும் பிளாஸ்டிக் உறை போடணும். உறை போடாமல் யாரும் சீட்டைத் தொடக் கூடாது.

அக்கா: உறையா? அதற்கு இன்னும் எத்தனை வருஷம்?

தம்பி: உறை வந்தே ஒரு வருஷம் ஆகிறது. அலமாரியில் காலியாகக் காத்துக்கொண்டிருக்கிறது, பாவம். அதற்கு முன்னால் இந்த விதிப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார், பணம் போட்டவர்கள் எல்லாருடைய பெயரும் இருக்கிறது.

அக்கா: பெயரா இது? எறும்பு ஊர்வது போல இருக்கிறது. உன் பெயர் எங்கே?

தம்பி: அதைத்தான் பத்து நிமிஷமாகத் தேடுகிறேன்... இதோ! ஒரு எழுத்துதான் தப்பு. பரவாயில்லை, நான்தான் என்று எனக்குத் தெரியுமே.

அக்கா: அந்தப் பெருமையை அப்புறம் படு. பெட்டியின் மேல் என்ன போட்டிருக்கிறது, படி.

தம்பி: "ஆட்ட நேரம் 20 நிமிடம்."

அக்கா: இருபது நிமிஷ ஆட்டத்துக்கு இரண்டு வருஷம் காத்திருந்தாயா! அதற்குக் கீழே?

தம்பி: "ஆடுபவர்கள் 3 முதல் 6 வரை."

அக்கா: இங்கே எத்தனை பேர் இருக்கிறோம்?

தம்பி: ...பணம் போடும்போது இதைக் கவனிக்கவில்லை.

அக்கா: சரி விடு, அம்மாவைக் கூப்பிடலாம்.

தம்பி: அம்மாவா? வேண்டவே வேண்டாம் அக்கா! அவர் விதியே தெரியாமல் உட்கார்ந்து நம் இருவரையும் தோற்கடித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று எழுந்து போவார்.

அக்கா: அப்படியென்றால் விதி சொல்லிக்கொடுக்கிற வேலை மிச்சம். அம்மா, இங்கே கொஞ்சம் வாங்க!