மாரோவிண்டும் நான் கழற்றி வைத்த மாட்களும்

பதினைந்து வருடத்துக்குப் பிறகு மறுபடி மாரோவிண்ட் என்ற கணினி விளையாட்டை ஆட உட்கார்ந்தேன். முதல் நான்கு இரவு ஆடவே இல்லை, மாட் (ஆட்டத்தை மாற்ற ரசிகர்கள் செய்து தரும் ஒட்டு) போட்டுக்கொண்டிருந்தேன். (மாட் என்பதற்குப் பன்மை 'மாடுகள்' என்றே எழுதலாம், தப்பில்லை. ஒன்றைக் கட்டிவிட்டுத் திரும்பினால் இன்னொன்று அவிழ்த்துக்கொண்டு ஓடுகிறது.)

2002-ல் பெதஸ்டா வெளியிட்ட ஆட்டம் இது. அவர்கள் செய்த நல்ல காரியம், கன்ஸ்ட்ரக்‌ஷன் செட் என்ற, ஆட்டத்தை மாற்றியமைக்கும் கருவியையும் பிசி பதிப்போடு சேர்த்தே கொடுத்தது. இருபது வருடம் தாண்டியும் மாட் வந்துகொண்டே இருப்பதற்கு அதுதான் காரணம். மாரோவிண்ட் என்பது கதையில் ஒரு மாகாணம், ஆட்டத்தில் இருப்பது அதன் வார்டன்ஃபெல் தீவு மட்டும். மிச்ச நிலப்பரப்பைக் கட்ட டாம்ரியல் ரீபில்ட் என்ற ரசிகர் குழு ஆட்டம் வருவதற்கு முன்பே ஆரம்பித்தது, இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொரு கூட்டம் ஆட்டத்தை ஓட்டும் எஞ்சினையே புதிதாக எழுதி ஓப்பன்எம்டபிள்யூ என்று இலவசமாகத் தந்திருக்கிறது. ஒரிஜினல் ஆட்டத்தின் ஃபைல்கள் கையில் இருந்தால் போதும். நானும் அதில்தான் ஆடுகிறேன்.

பிழை திருத்தும் பேட்ச் போட்டேன், அதில் பேச்சே இல்லை. செடியைப் பெட்டி மாதிரித் திறக்காமல் நேராகப் பறிக்கவிடும் மாட் போட்டேன், அதுவும் இருக்கட்டும். தப்பு செய்தது அதற்கப்புறம்தான்.

மாரோவிண்டில் கத்தி நண்டின் மேல் பட்டாலும் படாது. கண்ணுக்குப் பட்டதுபோலத் தெரியும், ஆனால் உள்ளே பகடை உருண்டு 'இல்லை' என்றுவிடும். சின்ன வயதில் இதற்காக விசைப்பலகையைக் குத்தியிருக்கிறேன். ஓடினால் ஃபட்டீக் (உடம்பின் தெம்பு அளவு) இறங்கும், அது இறங்கினால் அடி தவறும், மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சண்டை போட்டது என் தப்பு என்பது ரொம்ப நாள் தெரியாது. இந்தத் தடவை எல்லா அடியும் படும்படி மாற்றிவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் சலித்துவிட்டது. பயிற்சியாளரிடம் காசு கொடுத்து வாள் பழக ஒரு காரணமும் மிச்சமில்லை. கழற்றிவிட்டேன்.

அடுத்தது வழி. இந்த ஆட்டத்தில் போகும் இடத்தைக் காட்டும் அம்புக்குறி கிடையாது. வாயால் சொல்வார்கள், ஜர்னலில் ஏறும், மிச்சம் உங்கள் பாடு. பால்மோரா ஊரில் ஃபைட்டர்ஸ் கில்ட் என்ற போர்வீரர் சங்கத்தின் அண்டபோலிஸ், தகவல் வேண்டுமானால் ஒரு டுவெமர் (மறைந்துபோன பழைய இனம்) புதிர்ப் பெட்டியைக் கொண்டுவா என்பார். மூன்மாத் கோட்டையைத் தாண்டி, பழைய பாலத்தைக் கடந்து போனால் அர்க்ங்தாண்ட் இடிபாடு. கதவுக்குப் பிடியே இருக்காது. பக்கத்துக் குழாயில் இருக்கும் திருகைத் திருப்பினால்தான் அது திறக்கும். உள்ளே அந்தப் பெட்டி ஒரு அலமாரித் தட்டில், இருட்டில், கைப்பிடி அளவில் சும்மா உட்கார்ந்திருக்கும். அன்று அதைத் தேட எனக்கு மூன்று நாள் ஆனது, அந்த இடிபாட்டின் மூலை முடுக்கெல்லாம் மனப்பாடம். இந்தத் தடவை போனில் வரைபடத்தைத் திறந்துவைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டேன். அந்த அறை எப்படி இருந்தது என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆனால் உண்மையில் என்னை ஏமாற்றியது காட்சித் தூரம். பழைய ஆட்டத்தில் கொஞ்ச தூரத்துக்கு அப்பால் எல்லாம் மூடுபனி, அன்றைய கணினிகளால் அவ்வளவுதான் முடியும். இப்போது தீவு முழுக்கத் தெரியும்படி வைக்கலாம். வைத்தேன். முதல் அரைமணி நேரம் வாயைப் பிளந்து பார்த்தேன், படம் எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். அப்புறம் ஒரு குன்றின் மேல் நின்றபோது வயிற்றைப் பிசைந்தது. இந்தப் பக்கம் ரெட் மவுண்டன், அந்தப் பக்கம் விவெக் நகரம், நடுவில் இருப்பது இவ்வளவுதானா? வாரக்கணக்கில் தொலைந்து திரிந்த ஊர் உள்ளங்கையில் அடங்கிவிட்டது. நம் நடை மெதுவாக இருந்ததும், பாதை மலையைச் சுற்றி வளைந்ததும், பனி மறைத்ததும் சேர்ந்துதான் அதைப் பெரிதாகக் காட்டியிருக்கின்றன.

தூரத்தைக் குறைத்துப் பழையபடி பனியைக் கொண்டுவந்தேன். "இதற்கா இவ்வளவு பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்கினாய்?" என்றான் நண்பன். கேட்கட்டும்.

நேற்று இரவு புது ஆளாக, ஆட்டம் தொடங்கும் ஊரான செய்டா நீனில் இறங்கினேன். மழை. சில்ட் ஸ்ட்ரைடரின் (ஆட்களை ஏற்றிப்போகும் ராட்சதப் பூச்சி) முனகல்தான் முதலில் வந்தது, எந்தத் திசை என்று தெரியவில்லை. சத்தம் வந்த பக்கம் நடந்தேன், பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக அதன் கால்கள் தெரிய ஆரம்பித்தன.