வரைபடத்தில் ஆண்டையும் எழுதுங்கள்

போன வாரம் ஒரு வரைபடம் பகிர்ந்திருந்தேன். அமெரிக்காவில் நச்சு ஆலைகள் எங்கே இருக்கின்றன, கறுப்பின மக்கள் எங்கே வாழ்கிறார்கள் என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டிய படம். பார்த்தவுடன் எல்லோருக்கும் புரிந்துவிடும் என்று நம்பினேன். முதலில் வந்த கேள்வி: "அப்புறம் ஏன் அங்கே போய்க் குடியிருக்கிறார்கள்?" கேட்டவர் நல்ல மனிதர். குறை படத்தில்தான். அதில் இடம் இருந்தது, காலம் இல்லை.

மாசும் குப்பையும் குறிப்பிட்ட இனத்தவர் வாழும் இடங்களிலேயே வந்து சேர்வதைச் சுற்றுச்சூழல் இனவெறி என்கிறார்கள். அதைப் படம் போட்டுச் சொல்ல நினைக்கிறவர்கள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரத்திலிருந்து தொடங்கலாம். 1979இல் அங்கே நார்த்வுட் மேனர் என்ற இடத்தில் குப்பைக் கிடங்கு வருவதை எதிர்த்து வழக்கு. பெரும்பாலும் சொந்த வீடு கட்டி வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்கள். வழக்கறிஞர் லிண்டா மெக்கீவர் புல்லார்டு, சமூகவியல் பேராசிரியரான தன் கணவர் ராபர்ட் புல்லார்டிடம் தரவு திரட்டித் தரச் சொன்னார். கணினி வரைபடமெல்லாம் கைக்கு வராத காலம். அவரும் மாணவர்களும் பழைய ஆவணங்களைத் தோண்டி, 1920களிலிருந்து நகரத்தின் குப்பை எங்கெங்கே போனது என்று பார்த்தார்கள். மாநகராட்சியின் ஐந்து குப்பைக் கிடங்குகளில் ஐந்துமே கறுப்பினப் பகுதிகளில். எட்டு எரியுலைகளில் ஆறு. நகர மக்களில் கறுப்பினத்தவர் கால் பங்குதான். ஐந்துக்கு ஐந்து என்பதைப் புரிந்துகொள்ள யாருக்கும் புள்ளியியல் தெரிய வேண்டாம். நார்த்வுட் மேனரில் வீடு முதலில் வந்தது, குப்பை பின்னால் வந்தது. அந்த வரிசையைச் சொல்லிவிட்டால் "ஏன் அங்கே போனார்கள்" என்ற கேள்விக்கே இடமில்லை. இத்தனைக்கும் வழக்கில் தோற்றார்கள், கிடங்கும் வந்தது.

1930களின் வீட்டுக்கடன் வரைபடங்கள் இன்றும் மனதைத் தைப்பதற்குக் காரணமும் இதுதான். எங்கே வீட்டுக்கடன் கொடுப்பது ஆபத்து என்று அமெரிக்க அரசு அமைப்பே ஊர் ஊராகப் பகுதிகளைத் தரம் பிரித்து, கறுப்பினத்தவர் வாழ்ந்த இடங்களுக்குச் சிவப்பு அடித்து "ஆபத்தானது" என்று எழுதியது. 2020இல் வந்த ஓர் ஆய்வு 108 நகரங்களில் அந்தப் பழைய படத்தின் மேல் கோடை வெப்பத்தை வைத்துப் பார்த்தது. 94 சதவீத நகரங்களில் அன்று சிவப்பாக இருந்த இடங்களே இன்று கூடுதலாகச் சுடுகின்றன. அங்கே மரம் குறைவு, தார்ச்சாலையும் கான்கிரீட்டும் அதிகம். பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு படங்கள், கோடு போட்ட கை யாருடையது என்பதையும் காட்டிவிடுகின்றன.

எல்லையை எங்கே வரைகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். 2014 ஏப்ரலில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரம் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியது. குழாய் அரிக்காமல் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. ஈயம் கலந்தது. குழந்தைகளின் ரத்தத்தில் பெரிய மாற்றமில்லை என்றார்கள் அதிகாரிகள். அவர்கள் அஞ்சல் குறியீட்டை வைத்துக் கணக்குப் போட்டார்கள். அதே குறியீட்டில் ஊருக்கு வெளியே, வேறு தண்ணீர் குடித்த வீடுகளும் இருந்தன. குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷாவின் குழு நகர எல்லைக்குள் மட்டும் எண்ணியது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் ஈயம் அதிகமிருந்தவர்கள் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 ஆகியிருந்தார்கள். தண்ணீரில் ஈயம் மிகுந்த வட்டாரங்களில் 4லிருந்து 10.6. சராசரிக்குள் இத்தனை பிள்ளைகள் மறைந்து போயிருந்தார்கள் என்பதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

போன வாரப் படத்தை நேற்று எடுத்துவிட்டேன். ஹூஸ்டனுக்கு மட்டும் புதிதாக ஒன்று வரைந்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு கிடங்கின் பக்கத்திலும் அது வந்த ஆண்டு இருக்கும்.