ஆமாம், இந்த வயதில்தான் போனேன்

அந்தப் போட்டோவுக்குக் கீழே வந்ததை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். நேற்றுக் காலையிலிருந்து பத்துப் பேராவது தனியாக மெசேஜ் போட்டு, "விடுங்கக்கா, மனசுல வச்சுக்காதீங்க" என்றார்கள். விட முடியவில்லை. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

வடசென்னையில், எங்கள் கொடுங்கையூரில் குப்பை எரிஉலை வேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமை கைகோத்து நின்றவர்களில் நானும் ஒருத்தி. பக்கத்துத் தெருப் பையன் எடுத்த படம் அது. வாயைத் திறந்து கோஷம் போடுகிறேன், முகமெல்லாம் வியர்வை, தலை கலைந்து கிடக்கிறது. அதற்கு என் கல்லூரித் தோழி எழுதியது: "இந்த வயசுல இதெல்லாம் தேவையாடி? டைம் நிறைய இருக்கு போல!" அதற்கு எத்தனை சிரிப்புப் பொம்மைகள் என்று எண்ணினேன். அறுபத்திரண்டு. அதில் என் சொந்தக்காரர்கள் ஒன்பது பேர்.

எனக்கு ஐம்பத்தொரு வயது. மண்ணடியில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வாரத்தில் ஆறு நாள் வேலை, ஏழாவது நாள் துணியும் மாவும். டைம் எனக்கு நிறைய இல்லை. இருந்த ஒரே ஞாயிற்றுக்கிழமையைத்தான் கொண்டுபோய் அங்கே கொடுத்தேன்.

இந்த வயதில் தேவையா என்றால், தேவைதான். இந்த வயதில்தானே நான் இங்கே குடியிருக்கிறேன்? இருபத்தாறு வருடமாக முத்தமிழ் நகர்ப் பக்கம் இருக்கிறேன். காற்று திரும்பினால் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிற வீடு எங்களுடையது. கொடுங்கையூர்க் குப்பை மேட்டில் தீப்பிடித்த நாட்களில் கொடியில் காயப்போட்ட துணியை இரண்டாம் முறை துவைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு வீசிங். அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் நெபுலைசர் இருக்கிறது. புகை என் வயதைக் கேட்டுவிட்டா உள்ளே வருகிறது?

"இத்தனை வருஷம் எங்கே இருந்தீங்க?" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அதில் நியாயம் இருக்கிறது, அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வீட்டுக்குள் இருந்தேன். பயத்தோடு இருந்தேன். என் அப்பா பெரம்பூரில் ஆலைத் தொழிலாளி. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது அந்தப் பெரம்பூரில்தான். 1921-ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்து, புளியந்தோப்பில் துப்பாக்கிச் சூடு வரை போனது. அந்தக் கதைகளை எல்லாம் அப்பா சொல்வார், சொல்லும்போது குரல் ஓங்கும். ஆனால் அம்மா சொன்ன கதை வேறு. ஆலை பூட்டிக் கிடந்த மாதங்களில் அம்மா தன் கம்மலை அடகு வைத்தாள், பிறகு குடத்தை, பிறகு தாலியில் இருந்த குண்டுமணியை. அப்பா ஆலை கேட்டுக்கு வெளியே கொடி பிடித்து நின்ற நாட்களில் நாங்கள் கஞ்சி குடித்தோம். "கும்பல்ல மட்டும் போய் நிக்காதே" என்று எனக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்தாள். அம்மா சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். அவள் பட்டவள்.

அதே பயத்தை நான் என் மகளுக்குக் கொடுக்கப் பார்த்தேன். 2017 ஜனவரியில் அவள் கல்லூரியில் இருந்தாள். சொல்லாமல் மெரினாவில் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் போய்விட்டாள். ராத்திரி பத்து மணிக்கு வந்தவளை வாசலிலேயே நிறுத்தித் திட்டினேன். இரண்டு நாள் பேசவில்லை. இந்த ஞாயிறு நான் கிளம்பும்போது அவள் போனில், "அம்மா, பிரஷர் மாத்திரை போட்டியா? தொப்பி எடுத்துக்கோ" என்றாள். அன்றைக்கு நான் அவளை அப்படி அனுப்பவில்லையே என்று பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன்.

அந்த 2017 ஜனவரிக் கடைசியில்தான் எண்ணூர் கடலில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது. வாளியால் அள்ளினார்கள், நினைவிருக்கும். நான் டிவியில் பார்த்தேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, வீடுகளுக்குள்ளும் வந்தது. எர்ணாவூரில் என் நாத்தனார் வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு. தேங்காய் நார் வைத்துத் தேய்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான் செய்தேன். அந்த மாதமே பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் நடுராத்திரியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதை எதிர்த்து 33 கிராமத்து மக்கள் பந்தல் போட்டு நாள்கணக்காக உட்கார்ந்தார்கள். அந்தப் பந்தலை ஒரு தரம் பஸ்ஸில் கடந்து போனேன். இறங்கவில்லை. அது எனக்குக் குத்திக்கொண்டே இருக்கிறது. தாமதமாக வந்தேன் என்று யார் சொன்னாலும் தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறேன். தாமதமாக வந்ததால் வரவே கூடாது என்றால், அதை மட்டும் ஏற்க மாட்டேன்.

சரி, "குப்பையை நீங்களும்தானே போடுறீங்க, எங்கே கொண்டுபோய் வைக்கிறது?" இதுதான் அதிகம் பேர் கேட்டது. போடுகிறேன். சென்னை ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை போடுகிறது. அதில் ஏறத்தாழப் பாதி எங்கள் பக்கம் வருகிறது. எங்கள் தெருக் குப்பை மட்டுமா வருகிறது? புரசைவாக்கத்துக் கல்யாண மண்டபத்து எச்சில் இலையும் வருகிறது, அண்ணா நகர் ஹோட்டல் மிச்சமும் வருகிறது. நாற்பது வருடமாக வருகிறது. இனிமேல் அதை இங்கேயே கொளுத்துவோம் என்கிறார்கள்.

நான் பெரிய படிப்பு படிக்கவில்லை, பி.காம்தான். ஆனாலும் அடுப்பு மூட்டத் தெரியும். நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் காய்கறித் தோலும் சோறும் சாம்பாரும்தான். ஈர விறகு எப்படி எரியும்? அதை எரிய வைக்க வேண்டுமானால் பிளாஸ்டிக்கும் காகிதமும் கூடச் சேர வேண்டும். பிளாஸ்டிக்கைக் கொளுத்தினால் டையாக்சின் என்கிற விஷம் வரும். எரித்த பிறகு குப்பை மாயமாகவும் போய்விடாது, சாம்பலாக நிற்கும். அந்தச் சாம்பலைக் கொட்ட ஓர் இடம் வேண்டும். அது எந்த ஊராக இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். டெல்லியில் ஓக்லா பக்கத்து ஜனங்கள் இதே மாதிரி உலைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வருடக்கணக்காகக் கோர்ட்டுக்கு நடந்தார்கள்.

வீட்டிலேயே ஈரக் குப்பை, உலர் குப்பை, அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-லேயே விதி வந்துவிட்டது. நான் பிரித்துத்தான் கொடுக்கிறேன். என் கண் முன்னாலேயே வண்டியில் ஈரத்தையும் உலர்ந்ததையும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள். வண்டி தள்ளும் பெண்ணைக் குறை சொல்லவில்லை, அவளுக்கு யாரும் இரண்டு தொட்டி கொடுக்கவில்லை. ஈரக் குப்பையை அந்தந்த வார்டிலேயே உரமாக்கினால் எங்களிடம் வருவதில் பாதி குறைந்துவிடும். அதைச் செய்யாமல் உலைக்குப் போகிறார்கள். உலைக்குத் தினமும் தீனி வேண்டும். தீனி வேண்டும் என்றால் குப்பை குறையவே கூடாது. இது கணக்கு எழுதுகிற எனக்குப் புரிகிறது.

பெருங்குடிக் குப்பை மேட்டைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்டார்கள். நல்லது, மனதார மகிழ்ச்சி. இங்கேயும் அதே மாதிரி தோண்டிப் பிரிக்கிற வேலையை, பயோமைனிங் என்று, ஆரம்பித்தபோது, சாவதற்குள் அந்த மேடு கரைவதைப் பார்த்துவிடலாம் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அங்கே மரம் வைப்பார்கள் என்று நினைத்தோம்.

"கட்சிக்காரங்க தூண்டிவிட்டாங்க" என்பவர்களுக்குப் பதிலே கிடையாது. என்னைத் தூண்டியது அந்த நெபுலைசர்.

ரோட்டில் நின்றால் ஆம்புலன்ஸ் எப்படிப் போகும் என்றும் கேட்டார்கள். நாங்கள் ஓரமாகத்தான் நின்றோம், வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆனால் இந்தக் கேள்வியை நானே கேட்டிருக்கிறேன். மூலக்கடையில் மறியலில் மாட்டிய பிராட்வே பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, "வேலை வெட்டி இல்லாதவங்க" என்று வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன். அவர்கள் எதற்காக மறித்தார்கள் என்று அன்றைக்குக் கேட்கக்கூட இல்லை.

அங்கே என்ன நடந்தது என்று சொல்கிறேன், சிரித்தவர்கள் கேளுங்கள். போனதும் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு கடை வாசலில் ஒதுங்கி நின்றேன். போலீஸைப் பார்த்ததும் அடிவயிறு கலங்கியது. காய்கறிக் கூடைக்காரம்மா ஒருவர், அறுபத்தைந்து இருக்கும், பார்த்துவிட்டு வந்தார். "மொத தடவையா கண்ணு? கைய குடு" என்றார். காய்த்துப்போன கை. அந்தப் பக்கம் கையை ஒரு ஸ்கூல் பெண் பிடித்துக்கொண்டது. கோஷம் போட்டபோது முதலில் எனக்குக் குரலே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. மூன்றாவது தடவை வந்தது. என் குரல் இவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது. வீட்டில் நான் சத்தமாகப் பேசியதில்லை, கடையில் பேச விட்டதில்லை. அந்த நிமிஷத்தில்தான் பையன் போட்டோ எடுத்திருக்கிறான்.

அதைப் பார்த்துத்தான் நீ சிரித்தாய்.

பேர் போடவில்லை, உனக்குத் தெரியும். காலேஜில் மூன்று வருடம் என் டப்பாவில் சாப்பிட்டவள் நீ. நாங்கள் இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது தெருமுனை வரை வந்து, கர்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, கவரைக் கொடுத்துவிட்டு ஆட்டோவிலேயே திரும்பிப் போனாய். தலைவலி என்றாய். நம்பினேன். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபியைப் பாதி வைத்துவிட்டு எழுந்தார்கள். பிறகு தரகரிடம், "பொண்ணு நல்லாத்தான் இருக்கு, ஏரியாதான்…" என்று சொல்லி அனுப்பினார்கள். அன்று ராத்திரி நான் உனக்குத்தான் போன் செய்து அழுதேன். "வேற ஏரியா மாறிடேன்டி" என்றாய். லோன் இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. நான் எங்கே மாறுவது? நான் மாறினாலும் அந்த வீட்டுக்கு வேறு ஒருத்தி வருவாள், அவளும் ஜன்னலைச் சாத்துவாள்.

ஊர் மாற முடியாதவர்கள்தான் அன்றைக்கு அங்கே நின்றோம். அதில் என்ன சிரிப்பு இருக்கிறது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

அடுத்த கூட்டம் வருகிற ஞாயிறு சாயங்காலம். நாத்தனாரும் எர்ணாவூரிலிருந்து வருகிறேன் என்றிருக்கிறாள். கூடைக்காரம்மா தண்ணீர் கொண்டுவரவில்லை, போன தடவை என் பாட்டிலில்தான் குடித்தார். இந்தத் தடவை இரண்டு பாட்டிலாக எடுத்துப் போகிறேன்.