கல்நெஞ்சம் என்று சொல்லாதீர்கள்

அந்தக் காணொளியைப் பற்றி இனி எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. மூன்று நாள்களாக எல்லோர் பக்கத்திலும் அதுதான் ஓடுகிறது. அம்மா தரையில் உட்கார்ந்து விசும்பி அழுவதுபோல் நடிக்கிறார். இரண்டரை வயதுக் குழந்தை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறாள். பிறகு மறுபடி கட்டைகளை அடுக்கத் தொடங்கிவிடுகிறாள். கீழே ஆயிரக்கணக்கில் சிரிப்புக் குறிகள். "கல்நெஞ்சம்", "பாசமே இல்லாத பிள்ளை", "வயதான காலத்தில் இதுவா நம்மைப் பார்த்துக்கொள்ளும்?"

நேற்று இரவு அங்கே நான்கு வரி எழுதினேன். அதற்கு வந்த பதில்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். என்னை நன்றாகத் தெரிந்த ஒருவரே, "ஒரு விளையாட்டைக்கூட உன்னால் பொறுத்துக்கொள்ள முடியாதா?" என்று கேட்டிருந்தார். அதனால்தான் இங்கே நீளமாக எழுதுகிறேன்.

நான் சொன்னது ஒன்றே ஒன்று. அடுத்தவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று அறியும் திறன் பிறக்கும்போதே முழுதாக வந்துவிடுவதில்லை. நடக்கவும் பேசவும் பழகுவதுபோல அதையும் பழகவேண்டும், அதற்கு வருடக்கணக்கில் ஆகும். பழகிக்கொண்டிருக்கும் குழந்தைக்குச் சோதனை வைத்து, அவள் தடுமாறியதை உலகத்துக்குக் காட்டாதீர்கள்.

1983இல் ஹைன்ஸ் விம்மர், ஜோசப் பெர்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் குழந்தைகளிடம் ஒரு சிறு கதை சொன்னார்கள். மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வரும் மாக்ஸி சாக்லேட்டை எங்கே தேடுவான்? நமக்கு இது கேள்வியே அல்ல. ஆனால் மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் அம்மா மாற்றிவைத்த அலமாரியைத்தான் காட்டுகிறார்கள். தனக்குத் தெரிந்தது மாக்ஸிக்கும் தெரிந்திருக்கும் என்று அந்த வயது நம்புகிறது. நான்கு, ஐந்து வயதில்தான் விடை மாறுகிறது. இதேபோன்ற 178 ஆய்வுகளை 2001இல் உளவியலாளர் ஹென்றி வெல்மன் குழுவினர் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். நாட்டுக்கு நாடு வயது சற்று முன்பின்னாக இருந்ததே தவிர, மாற்றம் வந்த போக்கு ஒன்றாகவே இருந்தது.

மூன்று வயதுக்கே இது கடினம். இரண்டரை வயதுக் குழந்தையிடம் அந்த வீட்டில் என்ன எதிர்பார்த்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பொய்யான அழுகையை உண்மை என்று நம்பவேண்டும். காரணம் எதுவும் கண்ணுக்குத் தெரியாத துக்கத்துக்கு ஒரு காரணத்தை ஊகிக்கவேண்டும். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்துவந்து தேற்றவேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். நிமிர்ந்தபோது அவள் முதலில் பார்த்தது அம்மாவின் முகத்தை அல்ல, தன்னைப் படம்பிடித்துக்கொண்டிருந்த போனை. திரும்பப் போட்டுப் பாருங்கள், தெரியும்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டவர்களுக்குச் சொல்கிறேன். என் அப்பா இறந்தபோது என் மகனுக்கு மூன்று வயது நிரம்பவில்லை. நான் சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அவன் வந்தான். சற்று நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே போய், தான் தூங்கும்போது கட்டிக்கொள்ளும் பழைய நீலத் துண்டை எடுத்துவந்து என் மடியில் வைத்தான். பிறகு விளையாடப் போய்விட்டான். அவன் ஓடியதை மட்டும் பார்த்த என் அத்தை எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "தாத்தா போய்க் கிடக்கிறார், இதற்குச் சிரிப்பைப் பார். கல்நெஞ்சம்."

அந்தத் துண்டை யாரும் பார்க்கவில்லை.

அதற்கு என்ன பொருள் என்று எனக்கே பல வருடம் கழித்துத்தான் விளங்கியது. ரெபாகோலி, காப்னிக் என்ற உளவியலாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர் ஒருவர் குழந்தைகள் விரும்பும் பிஸ்கட்டைச் சுவைத்து முகம் சுளிப்பார், அவர்களுக்குப் பிடிக்காத புரோக்கோலியைச் சுவைத்து மகிழ்வார். பிறகு குழந்தையிடம் கையை நீட்டுவார். 14 மாதக் குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டையே கொடுத்தார்கள். 18 மாதக் குழந்தைகள் அவருக்குப் பிடித்ததைக் கொடுத்தார்கள். 'எனக்குப் பிடித்தது வேறு, உனக்குப் பிடித்தது வேறு' என்பதே இப்படி ஒவ்வொரு படியாகத்தான் குழந்தைக்குப் பிடிபடுகிறது. மரணம் போன்ற ஒன்றின் முன்னால் என் மகன் தனக்குத் தெரிந்த படியிலிருந்து பேசினான். தன்னை எது தேற்றுமோ அதை எனக்குக் கொடுத்தான். அவனிடம் இருந்ததிலேயே பெரியது அதுதான்.

"அப்படியானால் சொல்லித்தரவே வேண்டாமா? அப்படியே விட்டுவிடுவதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். விடச் சொல்லவே இல்லை. பேசச் சொல்கிறேன். உளவியலாளர் ஜூடி டன் குழுவினர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், 33 மாத வயதில் வீட்டில் உணர்வுகளைப் பற்றிய பேச்சை அதிகம் கேட்ட குழந்தைகள், ஏழு மாதம் கழித்துப் பிறர் மனத்தை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். காதுகேளாத குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. சைகைமொழி தெரியாத பெற்றோரிடம் வளரும் குழந்தைகள் பலர் எட்டு வயதைத் தாண்டியும் மாக்ஸி கதை போன்ற கேள்விகளில் தடுமாறுகிறார்கள். சைகைமொழி பேசும் பெற்றோரிடம் வளர்பவர்களுக்கு அந்தத் தாமதம் இல்லை. குறை குழந்தையிடம் இல்லை, வீட்டில் அதற்குப் புரியும் மொழியில் பேச்சு இல்லை, அவ்வளவுதான்.

நானும் பேசினேன். "அம்மாவுக்குத் தாத்தாவின் நினைவு வந்துவிட்டது, அதனால் அழுகிறேன், உன் மேல் கோபம் இல்லை" என்று எத்தனையோ முறை சொன்னேன். நாலரை வயதில் ஒருநாள், நான் ஜன்னலோரம் சும்மா நின்றுகொண்டிருந்தேன், அழக்கூட இல்லை. அவனாகவே வந்து "தாத்தா நினைவா அம்மா?" என்று கேட்டான்.

ஒன்றரை வயதுக் குழந்தையே அழும் அம்மாவைத் தடவிக்கொடுக்குமே என்கிறார்கள். கொடுக்கும், சில குழந்தைகள் கொடுக்கும். அடுத்தவர் அழுகை மனத்தைத் தொடுவது வேறு, அவர் ஏன் அழுகிறார் என்று அறிவது வேறு. 15 மாதத்திலேயே அடுத்தவர் மனத்தில் இருப்பது குழந்தைக்குத் தெரியும் என்று 2005இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறதே என்று ஒருவர் இணைப்புக் கொடுத்திருந்தார். அந்த ஆய்வு குழந்தைகளிடம் கேள்வி கேட்கவில்லை, எதிர்பாராத ஒன்று நடக்கும்போது அவர்கள் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தார்கள் என்பதைத்தான் அளந்தது. பின்னால் அதைத் திரும்பச் செய்துபார்த்தவர்களுக்கு எப்போதும் அதே முடிவு கிடைக்கவில்லை. "எங்களை யாரும் இப்படியெல்லாம் பார்த்துப் பார்த்து வளர்க்கவில்லை, நாங்கள் நன்றாகத்தானே இருக்கிறோம்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. நன்றாக இருப்பவர்கள் ஒரு குழந்தையைப் பார்த்துக் கல்நெஞ்சம் என்று எழுதமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இதுதான் என்னால் தாங்கமுடியாதது. அந்தக் குழந்தை தன் அம்மாவின் இடத்தில் நின்று பார்க்கவில்லை என்று குற்றம் சாட்டுகிறவர்கள் அத்தனை பேரும் வளர்ந்தவர்கள். ஒரே ஒரு நிமிடம் அந்தக் குழந்தையின் இடத்தில் நின்று பார்க்க அவர்களில் எத்தனை பேருக்கு முடிந்தது? இரண்டரை வயதுக்குத் தெரியவில்லை, சரி. நமக்கும் தெரியாதா?

அத்தை, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அன்று நீங்களும் தம்பியை இழந்து நின்றீர்கள். உங்கள் துக்கம் பெரியது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளவே இல்லை. எட்டு வருடம் ஆகிறது. அவனுக்கு இப்போது பதினோரு வயது. நீங்கள் வந்தால் அவன்தான் முதலில் ஓடிவந்து உங்கள் பையை வாங்கிக்கொள்கிறான். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கிறான். நீங்கள் அன்று சொன்னதை இதுவரை நான் அவனிடம் சொல்லவில்லை.